அக்காவின் எண்ணிக்கையும் அத்தானின் பந்தயக் காரும்

இந்த மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் அட்டைப் படத்தைத்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். நம் குடும்பங்களில் நினைவு மலர் என்றால் நல்ல சேலை கட்டி ஸ்டுடியோவில் எடுத்த மார்பளவுப் படம் போடுவதுதான் வழக்கம். இதிலோ எங்கள் அக்கா கதவும் கூரையும் இல்லாத ஒரு பந்தயக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தலையில் கம்பளித் தொப்பி, தோளில் சால்வை, மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு. சுற்றி ஏழு பேர் நிற்கிறோம். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் "இது என்ன கூத்து?" என்று கேட்பீர்கள் என்று தெரிந்தேதான் போட்டோம். இந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதே அக்காதான்.

அக்கா தேவனுடைய சமாதானத்துக்குள் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. ஜெபத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டியது தம்பியாகிய என் கடமை. அதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. மறைத்து எழுதினால் அக்காவைப் பற்றி எழுதியதாகவே ஆகாது என்பதால் அதையும் எழுதுகிறேன்.

அக்கா பாளையங்கோட்டையில் பிறந்தார்கள். அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. எனக்கு ஆறு வயதும் அக்காவுக்குப் பதினாறு வயதும் ஆனபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலை வாரிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, பொய் சொன்னால் முட்டி போட வைத்தது எல்லாம் அக்காதான். நர்ஸ் படிப்பு முடித்துத் தில்லியில் வேலை கிடைத்தபோது, ஒரு டிரங்குப் பெட்டியோடு இரண்டு இரவு ரயிலில் தனியாகப் போனார்கள். ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆறே மாதத்தில் வார்டு பாய்களை அதட்டும் அளவுக்குக் கற்றுக்கொண்டார்களாம். "திட்டத் தெரிஞ்சா பாஷ தெரிஞ்ச மாதிரிதாம்லே" என்று சொல்வார்கள்.

நான் பட்டப்படிப்பு முடித்ததும் என்னையும் தில்லிக்கு வரவழைத்தார்கள். கிட்வாய் நகரில் அக்காவுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸின் முன்னறையில் படுத்துக்கொண்டு பரீட்சை எழுதித்தான் நான் மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன். முப்பத்தாறு வருடம் கோப்புகளின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றேன். அவற்றில் எத்தனையை நிஜமாகவே சரிபார்த்தேன் என்று இப்போது யாரும் கேட்கப் போவதில்லை.

அக்கா அப்படி இல்லை. அவர்கள் வேலை பார்த்தது ஆபரேஷன் தியேட்டரில். அங்கே ஒரு கட்டாய வழக்கம் உண்டு. ஆபரேஷன் தொடங்கும் முன் கத்தி, கத்தரி, ஊசி, இரத்தம் ஒற்றும் வெள்ளைத் துணிகள் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பலகையில் எழுதுவார்கள். வயிற்றை மூடித் தைக்கும் முன் மறுபடி எண்ணுவார்கள். ஒரு துணி குறைந்தாலும் மூடக் கூடாது. அது நோயாளியின் உள்ளேயே தங்கிப்போயிருக்கலாம்.

ஒருமுறை ஒரு பெரிய சர்ஜன் தைப்பதற்குக் கை நீட்டியபோது அக்கா ஊசியைக் கொடுக்கவில்லை. "ஒரு துணி குறைகிறது, சார்" என்றார்கள். அவர் கத்தினார். அக்கா அசையவில்லை. கால்மணி நேரம் தேடியபின் அந்தத் துணி சர்ஜனின் செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இதற்காகவா என் நேரத்தை வீணடித்தாய் என்று அவர் மறுபடியும் கத்தினார். "இப்ப மூடலாம், சார்" என்று ஊசியை நீட்டினார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா பெருமைப்பட்டுக்கொள்ளவும் மாட்டார்கள், அந்த சர்ஜனைக் குறை சொல்லவும் மாட்டார்கள். மீனில் முள் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொல்வார்கள்.

அத்தான் நாகர்கோவில்காரர். பாலம் விமான நிலையத்தில் எஞ்சின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். சர்ச் பாடகர் குழுவில் அக்காவைப் பார்த்துப் பிடித்துப்போய், என்னைத் தூதுவிட்டு, கல்யாணம் செய்துகொண்டார்கள். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில் கோழிக்கூண்டுகளுக்கு நடுவே கிடந்த பந்தயக் கார் ஒன்றை அவர்கள் விலை பேசி வாங்கி, லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்களுக்கெல்லாம் வயது குறைவாயிருந்தபோது இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்து, கப்பலில் இந்தியாவுக்கு வந்து, சில வருடம் ஓடி ஓய்ந்த வண்டி அது.

அன்று வாசலில் நின்று அக்கா கேட்டது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "ஒருத்தருக்கு மட்டும் எடமுள்ள வண்டிய வாங்கிட்டு வந்து நிக்கியளே, நான் எங்க உக்கார?"

"பின்னால எஞ்சின் மேல உக்காரு. குளிருக்கு நல்லாருக்கும்" என்றார்கள் அத்தான்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். நீளமான சுருட்டுப் போல உடம்பு. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே தனியாக நிற்கும், மேலே மட்கார்டு கிடையாது. நடுவில் ஒரே இருக்கை. அதில் உட்கார்வது என்பதைவிடப் படுப்பது என்றே சொல்லலாம். எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேலே தெரிகிற அலுமினியத் தகடு வெறும் சட்டைதான், அது எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. உள்ளே விரல் பருமனுள்ள எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு எலும்புக்கூடு செய்திருக்கிறார்கள். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது என்று அத்தான் தீப்பெட்டிக் குச்சிகளை வைத்து எங்களுக்குக் காட்டுவார்கள். காற்றைத் தடுக்கக் கூடாது என்று முன்சக்கரத்தின் சுருள்வில்லைக்கூட உடம்புக்குள் மறைத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல்கையை நெம்புகோல் மாதிரி நீட்டி உள்ளே அழுத்த வைத்திருக்கிறார்கள். எல்லாம் எடையைக் குறைக்கவும் காற்றைக் கிழிக்கவும்தான்.

எடையைக் குறைக்கிற அந்தப் பேராசையில் அந்தப் பட்டறைக்காரர்கள் செய்த ஒரு காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். எஞ்சின் பின்னால் இருக்கிறது, அதைக் குளிர வைக்கும் ரேடியேட்டர் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் போய்வரத் தனிக் குழாய் போட்டால் எடை கூடும். அதனால் எலும்புக்கூட்டிலேயே அடியில் ஓடும் இரண்டு குழாய்களைக் கொஞ்சம் பருமனாக்கி, அவற்றுக்குள்ளேயே தண்ணீரை விட்டுவிட்டார்கள். வலது குழாயில் சூடான தண்ணீர் முன்னால் போகும், இடது குழாயில் ஆறிய தண்ணீர் திரும்பி வரும். ஓட்டுபவரின் தொடை வெந்துபோகும் என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அத்தான் பணி ஓய்வு பெற்று, துவாரகாவில் சொசைட்டி பிளாட் வாங்கியபோது கார் அடித்தளப் பார்க்கிங்குக்குப் போனது. ஒழுங்காகச் செய்வதென்றால் முழுவதும் பிரித்துத்தான் செய்ய வேண்டும் என்று அத்தான் அதைக் கடைசி ஆணி வரை பிரித்தார்கள். பிரித்து முடித்த வருடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்கள். அக்காவின் பார்க்கிங் இடத்தில் ஒரு எலும்புக்கூடும், பதினெட்டு அட்டைப்பெட்டிகளும், அத்தான் கைப்பட வரைந்த ஒரு நீள நோட்டும் மிஞ்சின.

மூன்று வருடம் அவை அப்படியே கிடந்தன. அதற்குள் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ மருந்து தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு தீபாவளி முடிந்ததும் சொசைட்டியில் ஒரு புது விதி போட்டார்கள். பார்க்கிங்கில் ஓடுகிற வண்டி மட்டும்தான் நிற்கலாம், மற்றதெல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போக வேண்டும். செக்ரட்டரி நல்ல மனிதர்தான். கை கூப்பிக்கொண்டே வந்து சொன்னார்: "ஆண்ட்டிஜி, புரா மத் மானியே, யே காடி நஹீ, கபாட் ஹை." தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இது வண்டியில்லை, காயலாங்கடைச் சரக்கு என்கிறார்.

அக்கா அவருக்கு டீ கொடுத்து, "எது இருந்தால் வண்டி என்று ஒத்துக்கொள்வீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்கள். அவர் யோசித்து, மார்ச் கடைசியில் பொதுக்குழு கூடுகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தன் பலத்தில் சரிவுப்பாதை ஏறி வெளியே வந்தால் வண்டி, இல்லாவிட்டால் கபாட் என்றார். அக்கா அதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நாங்கள் எல்லோரும் தடுத்தோம். அக்காவின் மகள் பியூலா அழுதாள். "மம்மி, ஹெல்த் பெஹ்லே" என்றாள், உடம்புதான் முதலில் என்று. அக்கா சொன்னார்கள்: "ஒங்கப்பா பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாவ. தொறந்து போட்டத மூடாம விட்டுட்டுப் போற பழக்கம் எனக்குக் கெடையாது."

இப்படித்தான் துவாரகாவின் ஒரு அடித்தளப் பார்க்கிங் ஆபரேஷன் தியேட்டர் ஆனது. அத்தானுக்குப் பழக்கமான மெக்கானிக் இக்பால் பாய், கரோல் பாகிலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். சர்ஜன் அவர். நான் வார்டு பாய். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அத்தானின் நோட்டை மடியில் விரித்து, ஒரு வெள்ளைப் பலகையில் எல்லாவற்றையும் எழுதுவார்கள். அன்றைக்கு வெளியே எடுத்தது எத்தனை, வண்டிக்குள் போனது எத்தனை, மிச்சம் எத்தனை. மிச்சம் சரியாக இருந்தால்தான் இக்பால் பாய் கை கழுவலாம். "சிஸ்டர்ஜி, இது கார், மனுஷன் இல்லை" என்று அவர் ஹிந்தியில் சொல்லிப் பார்த்தார். "கார் கத்தாது. அதனால இன்னும் கவனமா எண்ணணும்" என்றார்கள்.

திறந்து கிடக்கும் குழாய் வாய்களில் தூசியோ, திருகாணியோ விழுந்துவிடாமல் இருக்க அக்கா மருத்துவமனைத் துணியை மடித்து அடைத்து வைக்கச் சொன்னார்கள். மொத்தம் பத்துத் துண்டு. ரப்பர் இணைப்புகளை மாட்டும் முன் பத்தையும் வெளியே எடுத்து, எவர்சில்வர் தட்டில் வைத்து எண்ண வேண்டும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அந்த நாள் வந்தது. வெளியே பத்தடி தூரம் தெரியாத பனிமூட்டம். அடித்தளத்துத் தரையிலிருந்து குளிர் எலும்பில் ஏறியது. அக்காவுக்கு அதற்கு முந்தின வாரம்தான் கீமோ ஏற்றியிருந்தார்கள். காலையிலிருந்து நாற்காலியில் இருந்தார்கள், உதடு வெளுத்துப் போயிருந்தது. நான் குழாய் வாய்களிலிருந்து துணிகளை உருவித் தட்டில் போட்டேன்.

"எத்தனலே?"

எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது.

"ஒன்னு எங்கயோ விழுந்திருக்கும்க்கா. நாளைக்குத் தேடிக்கிடலாம், நீங்க மேல வாங்க."

"தேடு. எண்ணி முடியாம நான் எந்திரிக்க மாட்டேன்."

அரை மணி நேரம் காரின் அடியில் படுத்துத் தேடினேன். கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா சால்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு துணியை இரண்டாகக் கிழித்து, மடித்துத் தட்டில் வைத்தேன். தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"பத்து இருக்குக்கா."

கீமோ மருந்தினால் அக்காவின் விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. துணியைத் தொட்டுத் தனித்தனியாகப் பிரித்து எண்ண அவர்களால் முடியாது. கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அவர்கள் தட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பலகையில் 'பத்து, சரி' என்று எழுதிவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்தார்கள். ரப்பர் இணைப்புகளை மாட்டிவிட்டோம். அன்று அக்கா சூடாக ரசம் குடித்துவிட்டுப் போர்வைக்குள் தூங்கியதைப் பார்த்தபோது, நான் செய்ததுதான் சரி என்று நினைத்தேன்.

மார்ச் நடுவில் கார் முழு உருவம் பெற்றது. இக்பால் பாய் தண்ணீர் நிரப்பி, பெட்ரோல் ஊற்றினார். இந்தக் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சரிவுப்பாதையின் அடியில் வைத்து நானும், காவலாளி ராம்ஜியும், பியூலாவின் கணவரும் தள்ளினோம். இரண்டாவது தடவையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அடித்தளம் முழுக்க இரைச்சல். நாலாவது மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அக்கா கை தட்டினார்கள்.

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது, பின்னாலிருந்து ஆவி அடித்தது. இக்பால் பாய் பாய்ந்து எஞ்சினை நிறுத்தினார். இன்னும் ஒரு நிமிடம் ஓடியிருந்தால் எஞ்சினின் தலைப்பகுதி வளைந்திருக்கும், அதற்கு மாற்று இந்தியாவில் எங்கேயும் கிடைக்காது என்றார். பொதுக்குழுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஆவியைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. இக்பால் பாய் தண்ணீர்ப் பம்ப்பைக் கழற்றினார். அது நன்றாக இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றினார். அதுவும் நன்றாக இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர் என் பொய்யைத் தேடி இரண்டு நாள் மல்லாந்து படுத்துக் கிடந்தார். நான் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவமானம் என்றால் என்னவென்று எனக்கு அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் அக்கா எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொன்னார்கள். "ரெண்டே நிமிஷம் ஓட்டுங்க, போதும்" என்றார்கள். ஓட்டி நிறுத்தியதும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழந்தாளிட்டார்கள். விரலில் உணர்ச்சி இல்லாததால் கன்னத்தைக் கொண்டுபோய்க் குழாயின் அருகே வைத்து, சூடு தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு சாணாக நகர்ந்தார்கள். வலது குழாய் எஞ்சினிலிருந்து இருக்கை வரை சுட்டது. இருக்கைக்குப் பக்கத்தில் குழாய் ஒரு வளைவு வளைகிறது. அதைத் தாண்டியதும் சில்லென்று இருந்தது. காலில் இரத்தக்குழாய் அடைத்த நோயாளிகளை இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்களாம்.

அக்கா தரையிலிருந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இக்பால் பாயையோ, மருமகனையோ பார்க்கவில்லை.

"அன்னைக்கு எத்தனலே இருந்துச்சு?"

"ஒம்பது, யக்கா."

அறுபத்திரண்டு வயதில், பேரன் எடுத்தவன், ஆறு வயதில் முட்டி போட்ட அதே குரலில் சொன்னேன். அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"நீங்க நடுங்கிட்டு இருந்தீங்க. உங்கள மேல கூட்டிட்டுப் போகணும்னுதான்..."

"தெரியும். அது எனக்குத் தெரியாதா?" என்றார்கள். "ஆனா குறைஞ்சா குறையுதுன்னுதாம்லே சொல்லணும். குறையுதுன்னு சொன்னாத்தான் தேடுவாவ. சரின்னு சொல்லிட்டா அப்புறம் ஒருத்தரும் தேடமாட்டாவ."

பிறகு இக்பால் பாயிடம் திரும்பி ஹிந்தியில், தப்பு தன்னுடையது என்றார்கள். எண்ணியது தம்பி, ஆனால் தட்டைப் பார்க்காமல் பலகையில் எழுதியது தான்தான் என்றார்கள். நான் குறுக்கே பேசப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள்.

துணி குழாயின் பின்வாயில் ஆழமாக நழுவிப் போயிருக்கிறது. ஓடத் தொடங்கிய தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் செருகிவிட்டது. இக்பால் பாய் குழாயின் இரண்டு முனை இணைப்புகளையும் கழற்றி, முன்முனையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மாட்டித் தண்ணீரை எதிர்ப்பக்கமாகப் பாய்ச்சினார். ராம்ஜி பைப்பைத் திறந்தார். முதலில் துருத் தண்ணீர் வந்தது, பிறகு கருப்புத் தண்ணீர். கடைசியில் செத்த எலி மாதிரி ஏதோ ஒன்று வந்து தட்டில் விழுந்தது. அக்கா அதை விரித்துப் பார்த்தார்கள்.

"பத்து" என்றார்கள். பலகையில் அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்கள். உள்ளே நழுவினாலும் வெளியே தெரியும்படி, அன்று ராத்திரியே பத்துத் துண்டிலும் சிவப்பு நூலால் நீளமாக வால் தைத்துக் கொடுக்கும்படி என் மனைவியிடம் சொல்லியனுப்பினார்கள். மறுநாள் எல்லாவற்றையும் மூடும் முன் மறுபடி எண்ண வேண்டியிருந்தது. எண்ணும் வேலையை இனி எனக்குத் தர மாட்டார்கள் என்று ஒதுங்கி நின்றேன். தட்டை என்னிடம்தான் நீட்டினார்கள்.

பொதுக்குழு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சொசைட்டியில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். தள்ளிக் கிளப்புவது தன் பலமா இல்லையா என்று செக்ரட்டரிக்கும் மூன்றாவது மாடி வக்கீலுக்கும் வாக்குவாதம் நடந்தது. செக்ரட்டரி கையெழுத்துப் போட்ட தாளை அக்கா காட்டினார்கள். சரிவுப்பாதை ஏறுவதற்குத்தான் தன் பலம் வேண்டும், கிளப்புவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் செக்ரட்டரியே "அச்சா, சலோ" என்று குர்தாக் கையை மடித்துக்கொண்டு தள்ள வந்துவிட்டார்.

யார் ஓட்டுவது என்பதில் பிரச்சினையே வரவில்லை. இக்பால் பாயின் தொந்தி உள்ளே நுழையவில்லை. மருமகனின் கால் நீளம். பியூலா மட்டும்தான் பொருந்தினாள். சரிவின் உச்சியில் உள்ள வேகத்தடையில் அடிவயிறு தட்டும் என்று முன்கூட்டியே அளந்து, அக்கா தன் கட்டில் பலகைகள் இரண்டை அங்கே போட வைத்திருந்தார்கள். நாங்கள் தள்ளினோம், எஞ்சின் உறுமியது. பியூலா "மம்மீ!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறிப் போனாள். கார் வெயிலுக்கு வந்து நின்றது. முள் சிவப்புக்குப் போகவில்லை.

எல்லோரும் சேர்ந்து அக்காவைத் தூக்கி அந்த இருக்கையில் உட்கார வைத்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் அந்தக் காரில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும்கூட. நான் குனிந்து, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"கையில ஒன்னும் தெரியல. ஆனா முதுகுல தெரியுதுலே. ஒங்க அத்தான் குறட்டை மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

பால் பாக்கெட் போட வந்தவர் பியூலாவின் போனை வாங்கி எடுத்த படம்தான் அட்டையில் இருப்பது. மடியில் இருப்பது அந்தத் தட்டு. அன்று மாலைப் பொதுக்குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில், அந்தப் பார்க்கிங்கில் இருப்பது 'காடி' என்று செக்ரட்டரி தன் கையால் எழுதினார்.

அதற்குப் பிறகு நாலு மாதம்தான். மழைக்காலம் தொடங்கியதும் அக்கா படுக்கையில் விழுந்தார்கள். மருத்துவமனையில்கூட டிரிப் மாற்ற வரும் இளம் நர்ஸ்களிடம் "எண்ணியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. பியூலா தலைமாட்டில் சங்கீதம் சொன்னாள், அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். ஒரு விடியற்காலையில் அமைதியாக மூச்சு நின்றது. என்னை வளர்த்த கை என் கையில் இருந்தது. என் பிடி அதற்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு வருடமாக நான் யோசிப்பது அதைத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், அக்காவை 'சிஸ்டர்' என்றே அழைத்துக் கடைசி வரை தங்களில் ஒருவராக நடத்திய செவிலியர்களுக்கும், வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், திருச்சபையாருக்கும், பாளையங்கோட்டையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இரண்டு நாள் வீணாக மல்லாந்து கிடந்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லாத இக்பால் பாய்க்கும், கபாட் என்று வாயால் சொல்லிவிட்டுக் காடி என்று கையால் எழுதிய செக்ரட்டரிக்கும், தினமும் காரின் மேல் தூசி தட்டும் ராம்ஜிக்கும், சிவப்பு வால் தைத்த என் மனைவிக்கும், பியூலாவுக்கும் மருமகனுக்கும் என் நன்றி. பியூலாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

மலரின் பின் அட்டைக்காகப் போன ஞாயிறு காரை மறுபடி அதே இடத்துக்குக் கொண்டுவந்து, அதே ஆட்கள் அதே மாதிரி நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டோம். எடுக்க வந்த போட்டோக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்: பழைய படத்திலிருந்து அம்மாஜியை எடுத்து அந்தக் காலி இருக்கையில் வைத்துவிடட்டுமா, கம்ப்யூட்டரில் ஐந்து நிமிட வேலை, பார்த்தால் தெரியவே தெரியாது என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன்.

அப்புறம் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். ஏழு பேர்தான் இருக்கிறோம். ஒன்று குறைகிறது, அக்கா.